1489 சிசி அம்பாசிடர் இன்ஜின் ரீபோர் முடிந்தது, எந்தக் கார்புரேட்டர் மாட்டலாம்?

ஈரோடு மார்க்3

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் 1977 அம்பாசிடர், மார்க் 3. ஆறு வருடம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை இப்போதுதான் எழுப்பியிருக்கிறேன். இன்ஜின் அதே 1489 சிசி பெட்ரோல். சிலிண்டரைக் குடைந்து 40 ஓவர்சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரிய) பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், புது மெட்டல், வால்வு சீட், கைடு எல்லாம் முடிந்தது. ஹெட்டை லேசாக ஃபேஸிங் செய்தோம். கேம்ஷாஃப்ட்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் பழையவைதான்.

காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டராக இப்போது மேலே உட்கார்ந்திருப்பது இந்தியத் தயாரிப்பு சோலெக்ஸ், 32 எம்எம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான். த்ராட்டில் ஸ்பிண்டிலை, அதாவது காற்றைத் திறந்து மூடும் தட்டின் அச்சை, கட்டைவிரலால் தள்ளினால் ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது. ஐட்லிங் ஒரு சிக்னலில் 600, அடுத்த சிக்னலில் 1100. இவ்வளவு செலவு செய்து இன்ஜின் கட்டிவிட்டு இதையே திரும்ப மாட்ட மனசு வரவில்லை.

சோலெக்ஸைச் சரிபண்ணலாம், பழைய பிரிட்டிஷ் எஸ்.யூ. கார்ப் தேடிப் பிடிக்கலாம், இல்லையென்றால் ஆன்லைனில் வரும் வெபர் 32/36 மாதிரி இரட்டைக் குழல் கார்ப் வாங்கலாம். எங்கள் மெக்கானிக் நான்காவதாக ஒன்று சொல்கிறார்: ‘பேசாம மாருதி கார்ப் போடுங்க சார், மைலேஜ் அள்ளும்.’

ஓட்டம் என்று பார்த்தால் வாரம் ஒருமுறை சத்தியமங்கலம், மாதம் ஒருமுறை திம்பம் மலை ஏறி ஆசனூர். ரேஸ் ஆசை கிடையாது. என்ன போடலாம்?

ரெண்டாவது கியர்

வெபர். யோசிக்கவே வேண்டாம். பானெட்டைத் திறந்தால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். மெதுவாக ஓட்டும்போது ஒரு குழல், மிதித்தால் ரெண்டாவது குழலும் திறக்கும். மைலேஜும் பிக்கப்பும் ஒரே கார்பில்.

பழைய ஸ்பேனர்

தம்பி, கார்ப் எது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கேள்வி. இப்போது இருக்கிற மெனிஃபோல்ட், அதாவது கார்பிலிருந்து கலவையை ஹெட்டுக்குக் கொண்டுபோகிற குழாய், எப்படிப்பட்டது? சோலெக்ஸ் மேலிருந்து கீழே இறங்குகிற கார்ப், எஸ்.யூ. பக்கவாட்டில் உட்காருவது. ஒன்றுக்கு வார்த்த மெனிஃபோல்டில் மற்றது உட்காராது. எஸ்.யூ. என்றால் மெனிஃபோல்டோடு சேர்த்துத் தேட வேண்டும்.

ரெண்டாவது, ஹெட் கழற்றியபோது பார்த்திருப்பீர்கள், நாலு சிலிண்டருக்கும் சேர்த்து உள்வாசல் ரெண்டுதான். ஒன்றும் ரெண்டும் ஒரு வாசலைப் பங்குபோடும், மூன்றும் நாலும் இன்னொன்றை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. எண்ணிப் பாருங்கள்: 2 இழுத்து முடிப்பதற்குள் 1 இழுக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் 3, அதன் பின்னாலேயே 4. ஒரே வாசலில் ரெண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. அதற்கப்புறம் அந்த வாசல் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்றுக்குச் சும்மா கிடக்கும். இந்த ஹெட்டின் குணமே அதுதான். அதற்கு மேலே எவ்வளவு பெரிய கார்ப் வைத்தாலும் வாசல் பெரிதாகாது.

மாருதி கார்ப் பற்றி: அது 796 சிசி இன்ஜினுக்கு அளவெடுத்தது. உங்களுடையது அதைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மைலேஜ் அள்ளும், சரிதான். திம்பத்தில் வண்டியைத் தள்ளுவதும் அள்ளும்.

மீட்டர் மாமா

ஸ்பேனர் ஐயா சொன்னதற்குக் கணக்கு வைக்கிறேன். 40 ஓவர்சைஸ் என்றால் போர் (சிலிண்டர் விட்டம்) 73.025-லிருந்து 74.04 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9. அப்படியானால் உங்கள் இன்ஜின் இப்போது 1531 சிசி.

நாலு ஸ்ட்ரோக் என்பதால் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். 4500 ஆர்பிஎம்மில், 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 2750 லிட்டர் காற்று. கார்ப் விற்பவர்கள் பேசும் கணக்கில் 97 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 97 கன அடி. அவ்வளவுதான். அம்பாசிடரை 4500-க்கு மேல் முடுக்குகிறவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

கேட்டலாக்கில் 300, 400 சி.எஃப்.எம். என்று பார்த்து மயங்க வேண்டாம். அதிலும் ஒரு சூட்சுமம். அமெரிக்கக் கணக்கில் ஒற்றை, இரட்டைக் குழல் கார்புகளை 3 அங்குலப் பாதரச அழுத்த வித்தியாசத்தில் அளப்பார்கள், நாலு குழலை 1.5 அங்குலத்தில். ரெண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும்.

கோவை லேத்

கையைத் தூக்குகிறேன் மாமா :) 1994-இல், கல்லூரி நாட்களில், ஒரே ஒருமுறை. ஃபேன் பெல்ட் போய்விட்டது.

மீட்டர் மாமா

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, விடுங்கள்.

இந்த இன்ஜினுக்குக் கார்ப் தேர்வு புதுப் பிரச்சினையே இல்லை. பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ் என்ற இதே 1489 சிசி பிளாக்கை இங்கிலாந்தில் அரை டஜன் வண்டிகளில் போட்டார்கள். நம் அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3-இல் ஒற்றைக் கார்ப். எம்.ஜி. மேக்னெட் இசட்.ஏ.-யில் ஒன்றேகால் அங்குல எஸ்.யூ. ரெண்டு, 60 குதிரைசக்தி. 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் ஒன்றரை அங்குல எஸ்.யூ. ரெண்டு, தொடக்கத்தில் 68. அந்த எம்.ஜி.ஏ.-யின் தம்பிதான் உங்கள் கொட்டகையில் கிடந்தது.

ஆனால் 68 என்பது கார்ப் மட்டும் கொடுத்ததில்லை. கம்ப்ரஷன் வேறு, கேம் வேறு, வால்வு ஸ்பிரிங் வேறு. நம் ஊருக்கு வந்தது குறைந்த கம்ப்ரஷன். கார்பை மட்டும் மாற்றிவிட்டு எம்.ஜி.ஏ.-யை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ரெண்டாவது கியர்

எல்லாரும் சேர்ந்து ஆசையைக் கெடுக்கிறீர்கள். வெபர் 32/36 எம்.ஜி.பி. காரிலேயே போடுகிறார்கள், அதுவும் பி-சீரிஸ்தானே?

மீட்டர் மாமா

போடுகிறார்கள். 1798 சிசி இன்ஜின், அதற்கென்றே வார்த்த மெனிஃபோல்ட். நம் சோலெக்ஸ் மெனிஃபோல்டில் இருப்பது ஒரே ஒரு ஓட்டை.

யாழ் கேம்பிரிட்ஜ்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் ஆஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜ் ஒன்று நிற்கிறது, உங்கட இதே 1489 சிசி. இங்கே தெருவுக்கு ஒரு பழைய பிரித்தானியக் கார் நிற்கும், மோரிஸ் மைனர், ஏ40, ஏ55 எண்டு.

கார்ப் பற்றி எங்கட ஆட்களுக்கு ஒரு தனிப் படிப்பு உண்டு. தொண்ணூறுகளில் பெட்ரோலுக்குத் தடை. கார் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடினது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஏர் கிளீனரைக் கழற்றிப்போட்டு, சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் கார்ப் வாய்க்குள் விட்டு ஸ்டார்ட் பண்ண வேண்டும். சூடேறின பிறகு மண்ணெண்ணெய் தானாக இழுக்கும். வழியில் நிப்பாட்டினால் ஆற விடக்கூடாது, ஆறினால் திரும்பப் போத்தல். அப்பா அந்தப் பெட்ரோல் போத்தலை வீட்டில் சாமி அறையில்தான் வைத்திருந்தார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும். மிதித்தால் நொக்கிங், அதாவது இன்ஜின் தட்டுகிற சத்தம், தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அந்தக் காலத்தைத் தாண்டி வந்தது எஸ்.யூ. போட்ட வண்டிகளும்தான், மற்றக் கார்ப் போட்டவையும்தான். எஸ்.யூ. வைத்திருந்தவர்களுக்கு ஒரு வசதி: ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் துளைக் குழலை, கீழே இறக்குவதற்கு நட்டைத் திருகினால் போதும். மற்றவர்கள் ஜெட்டைக் கழற்றி ஊசியால் ஓட்டையைப் பெருப்பித்தார்கள். பெருப்பித்தது திரும்பச் சிறிதாகாது.

பழைய ஸ்பேனர்

யாழ் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. எஸ்.யூ. எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் இந்த விவாதத்தில் பாதி முடிந்துவிடும்.

சோலெக்ஸ், வெபர் எல்லாவற்றிலும் காற்று போகும் குறுகல், அதாவது வெஞ்சுரி, ஒரே அளவு. மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் பத்தாது, ஆகவே ஐட்லிங்குக்கு ஒரு ஜெட், நடுவில் ஒரு துளை, அப்புறம் மெயின் ஜெட், ஏர் ஜெட், மிதித்தவுடன் பீய்ச்ச ஒரு பம்ப். வெஞ்சுரி பெரிதாக இருந்தால் கீழ் வேகத்தில் தடுமாறும், சின்னதாக இருந்தால் மேல் வேகத்தில் மூச்சு முட்டும்.

எஸ்.யூ.-வில் அந்தக் குறுகலே ஏறி இறங்கும். மேலே மணி மாதிரி ஒரு குடுவை, அதற்குள் ஒரு பிஸ்டன். இன்ஜின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அவ்வளவுக்குப் பிஸ்டன் தூக்கும். பிஸ்டன் அடியில் ஒரு ஊசி, நுனி போகப் போக மெலிந்துகொண்டே போகும். ஊசி மேலே போகப் போக ஜெட்டைச் சுற்றி இடைவெளி கூடும், பெட்ரோல் கூடும். ஒரே ஜெட், 90 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 90 பங்கு) துளை. கார்ப் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பிஸ்டன் முழுக்க ஏறாது, அவ்வளவுதான். அதனால்தான் எஸ்.யூ.-வில் சைஸ் தப்பினால் மன்னிக்கும், ஊசி தப்பினால் மன்னிக்காது.

மைலேஜ் மன்னன்

இசுஸு இன்ஜின் மாற்றிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

ஈரோடு மார்க்3

ரீபோர் முடிந்து இன்ஜின் வண்டியில் ஏறிவிட்டது நண்பரே. இனிமேல் கேட்காதீர்கள், மனைவி இந்த இழையைப் படிக்கிறாள்.

ஈரோடு மார்க்3

மூன்று வாரம் கழித்து வருகிறேன். திட்டாதீர்கள். வெபர் மாதிரி ஒன்று வாங்கிவிட்டேன். அசல் கிடையாது, நகல். அடாப்டர் பிளேட்டும் கூடவே வந்தது, மாட்டி ஓட்டியாயிற்று.

ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங் 850-இல் நிற்கிறது. ஆனால் ரெண்டாவது கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போய் மிதித்தால் ஒரு விநாடி செத்துப்போய் அப்புறம் உதறிக்கொண்டு எழுகிறது. மைலேஜ் 7. வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் கார்ப் வெளியே பெட்ரோல் கசிகிறது. பழைய பம்ப் பத்தாதோ என்று மெக்கானிக் எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றை வைத்தார். பிளக் நாலும் அடுப்புக்கரி.

ரெண்டாவது கியர்

😬 நான் சொன்னேன் என்று யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மீட்டர் மாமா

ஒவ்வொன்றாகப் போவோம்.

கசிவு: எலெக்ட்ரிக் பம்பில் பிரஷர் எவ்வளவு? இந்த மாதிரிக் கார்புகளுக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ. போதும். கடையில் கிடைக்கும் பல பம்புகள் 5, 6 என்று தள்ளும். கிண்ணத்தில் பெட்ரோலை அடைக்கிற ஃப்ளோட் ஊசி அதைத் தாங்காது, பெட்ரோல் மட்டம் ஏறி வழியும். ரெகுலேட்டர் வையுங்கள், இல்லையென்றால் பழைய மெக்கானிக்கல் பம்பையே திரும்பப் போடுங்கள்.

தடுமாற்றம்: அடாப்டரைக் கழற்றி அடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஒருவரை முழுக்க ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொல்லுங்கள். ரெண்டாவது குழலின் தட்டு திறக்கிறதா என்று பாருங்கள்.

ஈரோடு மார்க்3

மாமா, உட்கார்ந்து சிரித்தேன். ரெண்டாவது குழல் திறக்கவே இல்லை. மகனை மிதிக்கச் சொன்னேன், பெடல் தரையைத் தொட்டது. நம் வண்டியின் பழைய கம்பி லிங்கேஜ் இழுக்கும் தூரத்தில் முதல் குழல் முக்கால்வாசி திறக்கிறது, அதோடு சரி. ரெண்டு குழலுக்குக் காசு கொடுத்து ஒரு குழலில் ஓட்டியிருக்கிறேன்.

அடாப்டரின் அடிப்பக்கம்: மேலே ரெண்டு ஓட்டை, கீழே மெனிஃபோல்டில் ஒரு ஓட்டை. ரெண்டாவது குழலுக்கு நேர் கீழே பாதிக்குமேல் இரும்புச் சுவர்.

பழைய ஸ்பேனர்

அந்தச் சுவரில்தான் உங்கள் ஏழு கிலோமீட்டர் மைலேஜ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் புகையாக இறங்காமல் சுவரில் மோதித் துளியாகிவிடும். துளி மெனிஃபோல்ட் தரையில் ஓடும். மிதித்த கணத்தில் காற்று முதலில் போய்விடும், பெட்ரோல் பின்னால் வரும். அதுதான் அந்த ஒரு விநாடிச் சாவு. அப்புறம் தேங்கினது எல்லாம் ஒரேயடியாக உள்ளே போகும், பிளக் கரியாகும்.

வெபர் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. சரியான மெனிஃபோல்ட் வார்த்து, ஃப்ளோட் கிண்ணம் வண்டியின் முன்பக்கம் பார்க்கும்படி வைத்து, லிங்கேஜ் திருத்தி, ஜெட் மாற்றினால் நன்றாகவே ஓடும். அந்தச் செலவுக்கு ரெண்டு எஸ்.யூ. வாங்கலாம்.

கோவை லேத்

அண்ணே, அந்தப் பழைய சோலெக்ஸைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? என்னிடம் அனுப்புங்கள், புஷ் அடித்துத் தருகிறேன்.

செய்வது இதுதான். த்ராட்டில் தட்டைப் பிடிக்கும் ரெண்டு குட்டி ஸ்க்ரூவின் பின்பக்கம் விரித்து அடித்திருப்பார்கள், கழன்று இன்ஜினுக்குள் விழாமல் இருக்க. அதை அப்படியே திருகினால் ஸ்பிண்டிலில் மரை போய்விடும், முதலில் விரித்ததை ராவ வேண்டும். தட்டை எடுப்பதற்கு முன் எந்தப் பக்கம் மேல் என்று ஒரு கீறல். தட்டின் ஓரம் சாய்வாகச் சீவியிருக்கும், திருப்பிப் போட்டால் மூடாது. பாடியின் ஓட்டையை ரெண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் ரீமர் விட்டுப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ் இறக்கி, புதுப் பித்தளை ஸ்பிண்டில். தட்டை மாட்டியபின் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். சுற்றிலும் ஒரே அளவு மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் திரும்பவும் ஸ்க்ரூவைத் தளர்த்தி உட்காரவைப்பேன். பாதி நாள் வேலை.

ஐட்லிங் 600-க்கும் 1100-க்கும் ஆடினது ஸ்பிண்டில் ஓரமாகக் காற்று இழுத்ததால்தான். கார்ப் கெட்டுப்போனது என்று தூக்கிப்போடுவதில் பாதிக்கு மேல் ஸ்பிண்டில் கதைதான். மெனிஃபோல்ட் பேக்கிங்கையும் பாருங்கள். ஓடும்போது கார்ப் கிளீனர் ஸ்பிரேயைச் சுற்றி அடித்தால், எந்த இடத்தில் ஆர்பிஎம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. சைலன்ஸர் சூடாக இருக்கும்போது அடிக்காதீர்கள், தீ பிடிக்கும்.

என்னிடம் பழைய எஸ்.யூ. மெனிஃபோல்ட் ஒன்றும் கிடக்கிறது. ஒன்றேகால் அங்குலக் கார்புக்கானது. வேண்டுமென்றால் பஸ் பார்சலில் போடுகிறேன்.

ஈரோடு மார்க்3

வேண்டும் வேண்டும். அதில் ஒன்றரை அங்குல எஸ்.யூ. போட முடியுமா?

கோவை லேத்

ஸ்டட் இடைவெளி வேறு. புது ஓட்டை போட்டு, வாயையும் பெரிதாக்க வேண்டும். முடியும், ஆனால் வார்ப்பு மெலிதாக இருந்தால் உடையும்.

மீட்டர் மாமா

என் ஓட்டு ஒன்றரைக்கு. ஒன்றேகாலை விடக் குறுக்குப் பரப்பு 44 சதவீதம் அதிகம். ஐயா சொன்னபடி எஸ்.யூ.-வில் பெரிய சைஸ் தண்டனை தராது. பின்னாளில் 1.8 லிட்டர் பி-சீரிஸ் போட்ட மோரிஸ் மரினாவில் ஒன்றேமுக்கால் அங்குல ஒற்றை எஸ்.யூ. வைத்தார்களே.

பழைய ஸ்பேனர்

என் ஓட்டு ஒன்றேகாலுக்கு. இதே குடும்பத்தில் 1622 சிசி இன்ஜினுக்கே ஒற்றை ஒன்றேகால்தான் போட்டார்கள். தம்பி வண்டி ஓட்டப்போவது திம்பத்தில், ரெண்டாவது மூன்றாவது கியரில், 1500-க்கும் 3000-க்கும் நடுவில். அங்கே ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 4000-க்கு மேலே ஒன்றரை கொஞ்சம் நன்றாக மூச்சு விடும், அந்த இடத்துக்குப் போகிறவருக்குத்தான் அது லாபம். கையில் இருக்கிற மெனிஃபோல்டை உடைத்து வாங்குகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மீட்டர் மாமா

மெனிஃபோல்ட் சும்மா கிடைக்கிறது என்பதால் இந்தமுறை விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் எதைப் போட்டாலும் இதை மறக்காதீர்கள்: இன்றைக்குப் பங்கில் கிடைப்பது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று, இ20-க்குச் சுமார் 13.5. அதாவது 1977-இல் வைத்த ஜெட் இன்றைக்கு எட்டு சதவீதம் லீன், பெட்ரோல் குறைவு. சோலெக்ஸில் மெயின் ஜெட் 125 இருந்தால் 130 போட்டால் பரப்பில் அந்த எட்டு சதவீதம் வந்துவிடும். அப்புறம் பழைய ரப்பர் டியூப், பம்ப் டயஃப்ரம் எல்லாம் எத்தனாலில் ஊறிக் கரையும், எத்தனால் தாங்குகிற டியூபாகப் பார்த்து மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், ஈரத்தை இழுத்து உள்ளே வெள்ளையாகப் பூத்துவிடும்.

சைலன்ஸர் பைப்பில் ஒரு நட்டு வெல்ட் வைத்தால் என் ஆக்ஸிஜன் சென்சார் மீட்டரை ஒரு வாரத்துக்குத் தருகிறேன். பார்க்கும்போது லாம்டாவைப் பாருங்கள்: 1 என்றால் சரியான கலவை, கூடினால் லீன், குறைந்தால் பெட்ரோல் அதிகம். காற்று-பெட்ரோல் விகித எண்ணைப் பார்த்தால் இ20-இல் குழப்பம் வரும்.

ஈரோடு மார்க்3

ஒன்றரை மாத நிலவரம்.

மெனிஃபோல்ட் வந்தது. எச்.எஸ்.2 எஸ்.யூ. ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. கடைக்காரர் ‘ஓவராயில் பண்ணினது’ என்றார். பிரித்தால் ஜெட் துளை முட்டை வடிவம், பெயிண்ட் மட்டும் புதிது. புது ஜெட், ஊசி, ஃப்ளோட் வால்வு வரவழைத்துப் போட்டேன். ஸ்பிண்டில் வேலை கோவையில். வெபர் நகல் அட்டைப்பெட்டிக்குள், அட்டைப்பெட்டி பரண்மேல்.

ஜெட்டை நடுவில் உட்காரவைக்கத்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் ‘டக்’ என்று பாலத்தில், அதாவது ஜெட்டின் வாய் இருக்கும் மேடையில், விழ வேண்டுமாம். எனக்கு ‘ஸ்ஸ்’ என்று பாதியில் நின்றது. அடி நட்டைத் தளர்த்துவது, பிஸ்டனை அமுக்கிப் பிடித்து நட்டை இறுக்குவது, தூக்கி விடுவது, திரும்பத் தளர்த்துவது. பதினோராவது தடவை ‘டக்’. மகன் கைதட்டினான்.

ஜெட்டைப் பாலத்தோடு சமமாக்கி, அங்கிருந்து நட்டில் 12 முகம், அதாவது ரெண்டு சுற்று, கீழே. ஸ்டார்ட் ஆனது. ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தேன். வேகம் விழுந்தது, லீன். இன்னும் ரெண்டு முகம் இறக்கினேன். இப்போது தூக்கினால் ஒரு கணம் லேசாக ஏறித் திரும்ப அமைதியாகிறது. ஐட்லிங் 750, டீக்கடையில் நிறுத்தி வைத்தாலும் அசையவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தவர் வண்டி ஓடுவதையே கவனிக்கவில்லை.

மீட்டர் அளவு: ஐட்லிங்கில் லாம்டா 0.92, சமவெளியில் 60-இல் 0.98. ஆனால் பண்ணாரி தாண்டி ஏற்றத்தில் முழுக்க மிதித்தால் 1.0-க்கு மேல் ஏறுகிறது, ஒன்பதாவது வளைவில் லேசாக நொக்கிங் சத்தமும். இன்னும் ஒன்று, ரெண்டாவது கியரில் திடீரென்று மிதித்தால் சின்னதாக ஒரு விக்கல்.

மீட்டர் மாமா

ஜெட்டை இறக்கினால் ஐட்லிங்கில்தான் பலன் அதிகம். பிஸ்டன் மேலே போனபின் ஊசியும் ஜெட்டும் விடும் இடைவெளி ஏற்கனவே பெரிது, அங்கே நீங்கள் இறக்கின ரெண்டு முகம் பேர் சொல்லாது. இது ஊசியின் நுனிப்பாதி சமாச்சாரம். ஊசியின் தோளிலிருந்து எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒரு இடமாக மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள், தோளருகே அதே தடிமன், நுனிப்பக்கம் மெலிதாக இருக்கிற ஊசியாகப் பார்த்துச் சொல்கிறேன். முழு ஏற்றத்தில் 0.87, 0.88 வந்தால் நொக்கிங் நிற்கும். அதுவரை ஸ்பார்க் டைமிங்கை ரெண்டு டிகிரி பின்னால் தள்ளி வையுங்கள். எமரித்தாளால் ஊசியைத் தேய்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், இருப்பது ஒரே ஊசி என்றால் கேட்காதீர்கள்.

யாழ் கேம்பிரிட்ஜ்

வாழ்த்துகள். வெக்கை நாளில் பம்புக்கு மேலே ஈரத்துணி போடுகிற வழக்கம் உங்கட பக்கமும் உண்டுதானே? கார்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் தகரத் தட்டு ஒன்று வைத்துப் பாருங்கோ, துணியை மறந்துவிடலாம்.

பழைய ஸ்பேனர்

தகரத் தட்டு நல்ல யோசனை. தம்பி, அந்த விக்கல். குடுவையின் தலையில் கறுப்புத் தொப்பி, அதன் அடியில் டேம்பர். அதில் என்ன எண்ணெய் ஊற்றினீர்கள்?

ஈரோடு மார்க்3

தையல் மெஷின் எண்ணெய், ஐயா. மெக்கானிக் அதுதான் ஊற்றச் சொன்னார்.

பழைய ஸ்பேனர்

அது சைக்கிளுக்கு ஆகும். மெலிந்த எண்ணெயில் மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி மேலே போய்விடும், காற்றின் இழுப்பு குறைந்து அந்தக் கணம் பெட்ரோல் வராது. மற்றக் கார்பில் பம்ப் செய்கிற வேலையை இதில் அந்த எண்ணெய்தான் செய்கிறது. உறிஞ்சி எடுத்துவிட்டு, இன்ஜினில் ஊற்றுகிற 20-50-யையே ஊற்றுங்கள். பிஸ்டன் தண்டின் வாய்க்கு மேல் அரை அங்குலம் நின்றால் போதும்.

ஈரோடு மார்க்3

ஊற்றிவிட்டு இப்போதுதான் சத்தி வரைக்கும் போய் வந்தேன். விக்கல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊசியைக் கழற்றி அளந்து எண்களைப் போடுகிறேன். மாமா, மீட்டர் இன்னும் ஒரு வாரம் என்னிடமே இருக்கட்டும்.

மீட்டர் மாமா

இருக்கட்டும். சென்சாரின் ஹீட்டரை ஆன் பண்ணாமல் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள், கரி பிடித்துச் செத்துவிடும். போனமுறை வாங்கிப்போனவர் அப்படித்தான் திருப்பிக் கொடுத்தார்.